ஏக்மோர்த்: எல்லைக்கோடு கட்டிய ஊர்

ஒரு சின்ன ஊரைப் பற்றிப் பேசச் சொன்னால், பேசுகிறவர் பெரும்பாலும் அதன் பெருமைகளை அடுக்கிவிட்டு இறங்கிவிடுவார். தெற்கு பிரான்சின் ஏக்மோர்த்துக்கு அப்படிச் செய்வது சுலபம். ரோன் நதி மத்தியதரைக் கடலில் கலக்கும் கமார்க் கழிமுகத்தின் மேற்கு ஓரத்தில், நீம் நகரத்துக்குத் தெற்கே சுமார் 35 கி.மீ. தொலைவில், எட்டரை ஆயிரம் பேர் வாழும் ஊர் அது. 1,600 மீட்டருக்குச் சற்றே கூடுதலான சுற்றளவும் 11 மீட்டர் உயரமும் 20 கோபுரங்களும் கொண்ட கல்மதில் ஒன்று பழைய ஊரை நீள்சதுரமாகச் சுற்றி, எங்கும் அறுபடாமல் நிற்கிறது. வடமேற்கு மூலையில், மதிலைவிட்டுச் சற்று விலகி, 22 மீட்டர் விட்டத்தில் தனியாக ஒரு வட்டக் கோபுரம். அதன் பெயர் கோன்ஸ்தான்ஸ். சுற்றிலும் உப்பளம், நாணல், ஏரிகள், வெள்ளைக் குதிரைகள், பூநாரைகள். இவ்வளவையும் பார்த்துவிட்டு வருகிறவருக்கு ஊர் வழிகாட்டி ஒரு கதை சொல்வார். சிலுவைப்போருக்குப் புறப்பட்ட புனித லூயி மன்னர் இந்த மதிலைக் கட்டினார். அன்று கடல் மதிலடி வரை இருந்தது. பிறகு கடல் பின்வாங்கியது, ஊர் செத்துப்போனது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு வாக்கியம்கூட சரியில்லை. மதிலை லூயி கட்டவில்லை, கடல் மதிலடிக்கு வந்ததில்லை, ஊர் சாகவும் இல்லை. இந்த ஊரை உண்டாக்கியதும் கைவிட்டதும் அரசியல் எல்லைக்கோடுகள் என்பதே நான் இன்று முன்வைக்கப்போகும் வாதம். மண்ணும் நீரும் அந்தக் கோடுகளுக்கு அனுசரணையாகவோ இடைஞ்சலாகவோ இருந்தன, அவ்வளவுதான்.

முதலில் கடலை எடுத்துக்கொள்வோம். இன்று கடற்கரை ஏக்மோர்த்திலிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர் தெற்கே, லெ க்ரோ-தியு-ருவா என்ற மீன்பிடி ஊரில் இருக்கிறது. எழுநூற்றைம்பது ஆண்டுகளில் கடல் ஆறு கிலோமீட்டர் நகர்ந்துவிட்டது என்று நம்ப யாருக்கும் ஆசை வரும். ரோன் கொண்டுவந்து கொட்டிய வண்டலைப் பார்த்தால் நம்பவும் முடியும். ஆனால் ஊருக்குத் தென்கிழக்கே, அதாவது ஊருக்கும் கடலுக்கும் நடுவே, பெக்கே என்ற பழைய உப்பளப் பகுதி இருக்கிறது. இடைக்காலத்தில் சல்மோதி மடத்துத் துறவிகளின் செல்வத்துக்கு அங்கே விளைந்த உப்பும் ஒரு காரணம். கடல் மதிலை இடித்துக்கொண்டிருந்த காலத்தில் அதே இடத்தில் பாத்தி கட்டி உப்பு வாரியிருக்க முடியாது. அந்தக் கழிமுகத்தில் வரிவரியாகக் கிடக்கும் பழைய மணல்மேடுகளும் இதையே சொல்கின்றன: கரை, ஊர் பிறப்பதற்கு வெகு முன்பே தெற்கே போய்விட்டிருந்தது. லூயியின் காலத்தில் ஊரின் தென்புறம் இருந்தது ஆழமில்லாத காயல். அதிலிருந்து கடலுக்கு ஒரு கால்வாய். பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும், சரக்கும் ஆட்களும் சிறு படகுகளில் காயல் வழியாக வந்துபோவார்கள். தென்மதிலில் பல வாசல்கள் இருப்பது காயல்கரைத் துறைக்காகத்தான். வடபுறம் தரைவழிக்கு ஒரு முக்கிய வாயில் போதுமாயிருந்தது. அந்தத் தரைவழியும் சதுப்புக்கு நடுவே போட்ட ஒற்றைக் கரைச்சாலைதான். அதன்மேல் கார்போனியேர் கோபுரம் இன்றும் குறுக்கே நின்று காவல் காக்கிறது.

ஆக, பிறக்கும்போதே இது மோசமான துறைமுகம். ஆழம் கிடையாது, நல்ல குடிநீர் கிடையாது, கட்டக் கல் கிடையாது, கோடையில் சதுப்புக்காய்ச்சல் வேறு. இப்படிப்பட்ட இடத்தை ஒரு மன்னர் ஏன் தேர்ந்தெடுத்தார்? இதற்கு விடை 1240-களின் வரைபடத்தில் இருக்கிறது. பிரெஞ்சு மன்னர்களின் சொந்த ஆட்சி மத்தியதரைக் கடலைத் தொட்டது, 1229 பாரிஸ் ஒப்பந்தத்தில் துலூஸ் பிரபுவிடமிருந்து கீழை லாங்குதோக் பகுதி கைக்கு வந்த பிறகுதான். கிழக்கே ரோனுக்கு அப்பால் இருந்த புரோவான்சும் மார்செய் துறைமுகமும் பிரெஞ்சு மன்னருடையவை அல்ல. பெயரளவில் அது ஜெர்மானியப் பேரரசின் நிலம். மேற்கே மோன்பெலியே அரகான் மன்னருடையது. மன்னர் முதலாம் ஜேம்ஸ் பிறந்ததே அந்த ஊரில்தான். நர்போனில் பிரபுவும் பேராயரும், அக்தில் ஆயரும் அவரவர் உரிமையோடு உட்கார்ந்திருந்தார்கள். நல்ல துறைகள் எல்லாம் பிறர் கையில். மன்னருக்கு மிச்சமிருந்தது யாரும் விரும்பாத ஒரு துண்டுச் சதுப்பு. அதையும் அவர் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. சல்மோதி மடத்துக்கு வேறு நிலம் கொடுத்து மாற்றிக்கொண்டார். 1246-இல் அங்கே குடியேறுவோருக்கு வரிவிலக்கும் வணிகச் சலுகைகளும் கொடுத்து ஒரு சாசனம் வழங்கினார். நல்ல ஊராக இருந்திருந்தால் அத்தனை சலுகைகள் எதற்கு?

இங்கே ஒரு மறுப்பு வரும். மன்னர் போனது வாணிகத்துக்கோ எல்லைச் சண்டைக்கோ இல்லை, புனிதப் பயணத்துக்கு. நம்பிக்கையின் காரியத்தை வரைபடக் கணக்காகச் சுருக்கலாமா என்று கேட்பார்கள். லூயியின் பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. 1248 ஆகஸ்ட் 25-ஆம் தேதி ஏக்மோர்த்திலிருந்து அவர் எகிப்துக்குப் புறப்பட்டதும், சிறைப்பட்டு மீண்டதும், 1270 ஜூலையில் அதே துறையிலிருந்து மறுபடியும் புறப்பட்டுத் துனிசில் நோயுற்று மாண்டதும் பக்தியில்லாதவர் செய்கிற காரியங்கள் அல்ல. ஆனால் அவர் ஏன் கடல் கடந்தார் என்பதைத்தான் பக்தி விளக்குகிறது. ஏன் இந்தச் சேற்றிலிருந்து கிளம்பினார் என்பதை அது விளக்காது. அவருடைய வரலாற்றை எழுதிய ழுவான்வீல் அதே போருக்கு அதே ஆகஸ்ட் மாதத்தில் கப்பலேறினார், மார்செயில். குதிரைகளை ஏற்றிக் கப்பலின் பக்கக் கதவை நீர் புகாதபடி அடைத்ததை அவர் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். சிலுவைப்போர் வீரனுக்கு மார்செய் போதுமாயிருந்தது, மன்னருக்குப் போதவில்லை. இதைவிடத் தெளிவான சாட்சி 1254-இல் கிடைக்கிறது. பத்து வாரம் கடலில் அலைந்து திரும்பிய கப்பல் புரோவான்ஸ் கரையில் இயேர் கோட்டைக்கு எதிரே வந்து நின்றது. அரசியும் ஆலோசகர்களும் இங்கேயே இறங்கிவிடலாம் என்கிறார்கள். புரோவான்ஸ் அப்போது மன்னரின் சொந்தத் தம்பி சார்லசின் கையில். ஆனாலும், தன் நிலமான ஏக்மோர்த்தை அடையாமல் கப்பலைவிட்டு இறங்கமாட்டேன் என்று மன்னர் இரண்டு நாள் பிடிவாதம் பிடித்தார் என்று ழுவான்வீல் எழுதுகிறார். தம்பியின் கரையும் அந்நியக் கரைதான் என்று நினைத்த மனிதர் கட்டிய துறைமுகத்தை எல்லையின் குழந்தை என்று சொல்வதில் என்ன தவறு? கடைசியில் மன்னர் இயேரில்தான் இறங்கினார் என்பது வேறு விஷயம்.

சரி, மதில்? லூயியின் காலத்தில் ஊரில் நின்றது கோன்ஸ்தான்ஸ் கோபுரமும், கற்கோட்டைக்குப் பதிலாக ஏதோ தற்காலிகக் காப்பும்தான். ஆறு மீட்டர் கனச் சுவரும் உச்சியில் கலங்கரை விளக்குமாக அந்தக் கோபுரம் தனியே நின்றது. கல்மதில் அவர் மகன் மூன்றாம் பிலிப்பின் வேலை. 1272-இல் குலியெல்மோ பொக்கனேக்ரா என்ற ஜெனோவாக்காரரோடு ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. ஒரு காலத்தில் ஜெனோவாவின் மக்கள் தலைவராக ஆண்டு, பின்பு பதவி இழந்து நாடு விட்டு வந்தவர் அவர். தன் பணத்தைப் போட்டு மதிலும் துறையும் கட்டித் தருவார், ஈடாக அங்கே வரும் வருவாயில் பங்கு. இன்று நாம் காணும் தனியார்-அரசு கூட்டு ஒப்பந்தங்களுக்கு இது பழைய முன்னோடி என்று சொல்லத் தோன்றுகிறது. 1274-இல் அவர் இறந்தார். வேலை நின்று, தொடர்ந்து, நான்காம் பிலிப்பின் காலத்தில் 1300-ஐ ஒட்டி முடிந்தது. ஆக, உலகம் முழுவதும் புனித லூயியின் மதில் என்று படம்பிடிக்கும் மதிலை லூயி கண்ணால் பார்த்ததில்லை. ஊர் நடுச் சதுக்கத்தில் அவருக்கு பிராதியே என்ற சிற்பி வடித்த சிலை 1849-இல் வந்தது. மகனுக்குச் சிலை இல்லை.

மதில் மட்டும் வணிகரை இழுத்துவிடாது. 1278-இல் மன்னராட்சி லொம்பார்தி, தஸ்கனி வணிகர்களோடு ஓர் ஏற்பாடு செய்து அவர்களை நீமில் குடியமர்த்தியது. அவர்களுடைய கடல் வாணிகம் ஏக்மோர்த் வழியாக நடக்க வேண்டும் என்பது நோக்கம். அதாவது அரகான் மன்னரின் மோன்பெலியேயிலிருந்து பிடுங்கிப் பிரெஞ்சு மன்னரின் துறைக்குக் கொண்டுவருவது. அக்கம்பக்கத்துத் துறைகளின் கப்பல்களையும் இங்கே திருப்பி வரி வாங்கினார்கள். வணிகர்கள் முணுமுணுத்தார்கள், முடிந்தபோதெல்லாம் ஏய்த்தார்கள். கட்டளையால் ஓடிய துறைமுகம் கட்டளை இருக்கும்வரை ஓடும். 1349-இல் மோன்பெலியே விலைக்கு வாங்கப்பட்டுப் பிரெஞ்சு மன்னருடையது ஆனது. 1481-இல் புரோவான்ஸ் உயிலின் வழியாகப் பிரான்சோடு சேர்ந்தது. அதோடு மார்செயும். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று கையில் வந்தபிறகு சேற்றைத் தோண்ட யார் பணம் கொடுப்பார்கள்? 1538 ஜூலையில் மன்னர் முதலாம் பிரான்சுவாவும் பேரரசர் ஐந்தாம் சார்லசும் இங்கே சந்தித்துக் கட்டித் தழுவிக்கொண்டார்கள். ஐரோப்பாவையே கூறுபோட்டுக்கொண்டிருந்த இரண்டு பகைவர்கள். அதுவும் எல்லைக்காரர்கள் சந்திப்புதான். ஆனால் துறைமுகத்துக்கு அது ஒரு திருவிழா நாள் என்பதற்குமேல் எதுவும் இல்லை.

இந்த இடத்தில் மண்ணியல் படித்தவர்கள் எழுந்து நிற்பார்கள். கால்வாய் மூடிக்கொண்டே இருந்தது; அதைத் தூர்வாரச் சொல்லி ஊரார் நூற்றாண்டுக்கணக்கில் விண்ணப்பம் எழுதினார்கள்; வண்டல்தான் கொன்றது, எல்லை அல்ல என்பார்கள். இது கனமான மறுப்பு. வண்டல் உண்மை, விண்ணப்பங்களும் உண்மை. ஆனால் வண்டல் தனியாக ஒரு துறைமுகத்தைக் கொல்லுமா என்பதைச் சோதிக்க நமக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஏக்மோர்த்துக்கு மேற்கே, அதே மணற்கரையில், பதினான்காம் லூயியின் ஆணையில் 1666-இல் செத் துறைமுகத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். தென்கால்வாய், அதாவது கனால் தியு மிதி, கடலை எட்டுமிடத்தில் அரசுக்கு ஒரு துறை தேவைப்பட்டது. அங்கேயும் மணல் சேர்ந்தது, இன்றும் சேர்கிறது. மூன்றரை நூற்றாண்டாக அதை வாரிக்கொண்டே இருக்கிறார்கள். துறைமுகம் வேலை செய்கிறது. தேவைப்பட்ட துறையில் மணலை வாரினார்கள், தேவைப்படாத துறையில் விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏக்மோர்த்துக்கும் பதினெட்டாம் நூற்றாண்டில் லெ க்ரோ-தியு-ருவா வரை ஒரு நேர்க்கால்வாய் வெட்டப்பட்டது. அது இன்றும் நீரோடு இருக்கிறது, படகுகள் போகின்றன. பெருங்கப்பல் மட்டும் வரவில்லை. வழி இல்லாததால் அல்ல, வரவேண்டிய காரியம் இல்லாததால்.

துறைமுகம் போனபிறகு மதில் எப்படித் தப்பியது என்பது அடுத்த கேள்வி. வழக்கமான விடை, ஏழ்மை: இடிக்கவும் காசில்லாத ஊர் தன் பழமையைக் காப்பாற்றிக்கொள்ளும். இதில் பாதிதான் உண்மை. ஏழை ஊர்களில் மதில்கல் வீட்டுக்கல் ஆகிவிடும். கல்லே கிடைக்காத சதுப்பில் அந்த ஆசை இரட்டிப்பாக இருந்திருக்க வேண்டும். ஏக்மோர்த்தில் மதிலுக்கு வேலை தொடர்ந்து இருந்தது. ரோனும் விதுர்ல் ஆறும் பெருகும் காலத்தில் வாயில்களை அடைத்தால் ஊர் நனையாது. போருக்குக் கட்டிய சுவர் வெள்ளத்துக்கு அணையானது. அரசுக்கோ சிறை வேண்டியிருந்தது. கார்கசோன் கோட்டையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியோலே-லெ-தியுக் தன் கற்பனைக்கேற்பக் கூரையும் கூம்பும் வைத்துப் புதுப்பித்தார். சுற்றுலாப் பயணிகள் அங்கே பார்ப்பதில் கணிசமான பகுதி அவருடைய பதின்மூன்றாம் நூற்றாண்டு. ஏக்மோர்த் மதிலுக்கு அந்த அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ வாய்க்கவில்லை. கார்கசோனின் கூம்புகள் அழகுதான். இடைக்காலக் கோட்டை மதில் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவரை நான் இங்கேதான் அனுப்புவேன்.

சிறை என்றேன். அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே எல்லை என்பது நிலத்தில் போட்ட கோடாக இல்லாமல் மனிதரின் உள்ளே போட்ட கோடாக மாறுகிறது. 1598-இல் நான்காம் ஆன்றி வெளியிட்ட நான்த் ஆணை புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டுரிமையும் பாதுகாப்பு ஊர்களும் தந்தது. ஏக்மோர்த் அவற்றில் ஒன்று. 1685-இல் பதினான்காம் லூயி அந்த ஆணையை ரத்து செய்தார். போதகர்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும், மற்ற புராட்டஸ்டண்டுகள் வெளியேறக் கூடாது. வெளியேற முயன்று பிடிபட்ட ஆணுக்குத் துடுப்புக்கப்பலில் அடிமை வேலை, பெண்ணுக்குச் சிறை. எல்லையைத் தாண்டினால் குற்றம், உள்ளே தன் மதத்தோடு இருந்தாலும் குற்றம். பாதுகாப்பு ஊராக இருந்த இடத்தின் கோபுரமே அவர்களுடைய சிறையானது. முதலில் ஆண்களும் இருந்தார்கள். 1705-இல் புராட்டஸ்டண்டுகளின் கமிசார் கலகத் தலைவர்களில் ஒருவரான ஆப்ரகாம் மசெல் பதினாறு தோழர்களோடு கல்லை அறுத்துப் பெயர்த்து, போர்வைகளைக் கயிறாகக் கட்டி இறங்கித் தப்பினார். பிறகு கோபுரம் பெரும்பாலும் பெண்கள் சிறையாகவே இருந்தது. 1730-இல் மரி துரான் என்ற இளம்பெண்ணை விவாரே மலைப்பகுதியிலிருந்து கொண்டுவந்து அடைத்தார்கள். அவருடைய அண்ணன் பியேர் தலைமறைவாகத் திரிந்த போதகர். அவரை 1732-இல் மோன்பெலியேயில் தூக்கிலிட்டார்கள். தங்கை வெளியே வந்தது 1768-இல், முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு. சுவர் கனம் ஆறு மீட்டர் என்று முன்னால் சொன்னேன். அம்புத்துளை வழியாக வரும் வெளிச்சமும், தரை நடுவே உள்ள வட்டத் துவாரமும், சதுப்பின் ஈரமும், கொசுவும், புகையும்தான் அந்த அறை. அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. உதவி கேட்டும், வந்த உதவிக்கு நன்றி சொல்லியும், சக கைதிகளின் நோய்நொடிகளைச் சொல்லியும் எழுதிய கடிதங்கள். நடுத் துவாரத்தின் கல்விளிம்பில் எதிர்த்து நிற்கச் சொல்லும் ஒரு சொல் கீறப்பட்டிருக்கிறது. அது அவர் கைவேலை என்று மரபு சொல்கிறது, நிரூபிக்க வழியில்லை. என்னை அதைவிட அதிகம் யோசிக்க வைப்பது, அந்தப் பெண்களின் விடுதலை அவர்கள் கையிலேயே இருந்தது என்ற செய்தி. மதம் மாறுகிறேன் என்று ஒரு வாக்குமூலம் போதும், கதவு திறக்கும். சிலர் அப்படி வெளியே போனார்கள். அவர்களைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. லாங்குதோக்கின் ஆளுநரான போவோ பிரபு வந்து பார்த்து மனம் கொதித்து விடுவித்த பிறகுதான், 1768 முடிவில், கோபுரம் காலியானது.

உப்புக்கு வருவோம். துறைமுகம் நின்றது, சிறை மூடியது, உப்பு மட்டும் ஓயவில்லை. ஊர் செத்துப்போனது என்பவர்கள் உப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. புரட்சிக்கு முந்தைய மன்னராட்சியில் உப்பு வரி மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டது. ஓர் ஆற்றைத் தாண்டினால் உப்பின் விலை பலமடங்கு ஏறும், அதனால் ஒரே நாட்டுக்குள் உப்பு கடத்தலும் உப்புக் காவலும் பெருந்தொழில்கள். 1790-இல் அந்த வரி ஒழிந்தது. 1856-இல் தென்பகுதி உப்பளங்களை ஒருங்கிணைத்துச் சலேன் தியு மிதி நிறுவனம் உருவானது. வேலை முறை எளிது, உடம்புக்குத்தான் கொடியது. வசந்தத்தில் கடல்நீரைத் தேக்கங்களுக்கு ஏற்றிப் பாத்தி பாத்தியாக நகர்த்துவார்கள். வெயிலும் வடகாற்றும் நீரை இறுக்கும். உவர் முற்றிய பாத்திகளில் நுண்பாசி வளர்ந்து நீர் ரோஜா நிறமாகும், அந்தப் பாசியைத் தின்னும் சிற்றிறாலைத் தின்றுதான் பூநாரையும் சிவக்கிறது. ஆகஸ்டிலிருந்து உப்பு வாரும் பருவம். இன்று இயந்திரம் வாரி மலைபோன்ற அம்பாரங்களாகக் குவிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை மனிதர்கள் கடப்பாறையும் மண்வெட்டியும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியும் கொண்டு செய்தார்கள், சில வாரங்களுக்குள், உப்பு கையையும் காலையும் அரிக்க அரிக்க.

1893 ஆகஸ்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பகுதி இத்தாலியர்கள், குறிப்பாகப் பீட்மாண்ட் மலைக்காரர்கள். மற்றவர்கள் ஆர்தேஷ் மலைவாசிகளும் வேலை தேடி நாடோடியாய் அலைந்த பிரெஞ்சுக்காரர்களும். அளவுக்கூலி. பழகிய இத்தாலியக் குழுவின் வேகத்துக்கு நாடோடிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. 16-ஆம் தேதி உப்பளத்தில் கைகலப்பு. ஊர்க்காரர்களை இத்தாலியர் கொன்றுவிட்டார்கள் என்று ஊருக்குள் வதந்தி பரவியது. இத்தாலியர்கள் ஒரு ரொட்டிக்கடைக்குள் புகுந்து உயிர் தப்பப் பார்த்தார்கள். இத்தாலியருக்கு வேலை மறுக்கப்பட்டுவிட்டது என்று மேயர் சுவரொட்டி ஒட்டிக் கூட்டத்தைச் சமாதானப்படுத்த முயன்றார். மறுநாள் குதிரைக் காவலர்கள் பாதுகாப்போடு அழைத்துச் சென்ற இத்தாலியரைக் கூட்டம் தடிகளோடும் கற்களோடும் துப்பாக்கிகளோடும் விரட்டி அடித்தது. குறைந்தது எட்டுப் பேர் இறந்தார்கள், காயப்பட்டோர் பலமடங்கு. ரோமில் பிரெஞ்சுத் தூதரகத்தின்மேல் கல் பறந்தது. வழக்கு அங்கூலேமுக்கு மாற்றப்பட்டது. டிசம்பரில் நடுவர் குழு எல்லோரையும் விடுதலை செய்தது. வரலாற்றாசிரியர் ழெரார் நுவாரியெல் 2010-இல் இதைப் பற்றி விரிவான நூல் ஒன்று எழுதியிருக்கிறார். பிரெஞ்சுக்காரன் என்ற அடையாளம் தவிர வேறெதுவும் கையில் இல்லாதவர்களே முதல் அடி அடித்தார்கள் என்ற அவர் பார்வை எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. இதை வெறும் கூலித் தகராறு என்று சொல்லிவிடலாம் என்பார்கள். கூலித் தகராறுதான் தொடக்கம், மறுக்கவில்லை. ஆனால் தேதிகளைப் பாருங்கள். ஆகஸ்ட் 8-ஆம் தேதி, அதாவது எட்டு நாள் முன்பு, அந்நியர் பதிவுக்கும் தேசியத் தொழிலின் பாதுகாப்புக்கும் ஒரு சட்டம் நிறைவேறியிருந்தது. ஆகஸ்ட் 20-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல். இத்தாலி 1882-இலிருந்து ஜெர்மனியோடு உடன்படிக்கையில் இருந்த நாடு. பாரிசிலும் ரோமிலும் வரைந்த கோடு உப்பளப் பாத்தியில் இறங்கியது. அதே பாத்தியில் ஊர்க்காரரும் ஆர்தேஷ்காரரும் நாடோடிகளும் தங்களுக்குள் எத்தனையோ பகையோடு நின்றிருந்தார்கள். அன்று அந்தப் பகைகள் எல்லாம் மறந்துபோய் ஒரே ஒரு பகைதான் கண்ணுக்குத் தெரிந்தது.

இனி, ஊரைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சில. நோத்ரு-தாம்-தெ-சப்லோன் ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிகள் நவீன ஓவியர் குளோத் வியலாவின் வேலை, 1991. பழைய கல்லுக்குள் அந்தத் துணிச்சலான நிறங்கள் பொருந்தவில்லை என்பாரும் உண்டு, எனக்குப் பொருந்துகிறது. பிரெதெரிக் பசீல் 1867-இல் இந்த மதிலை வரைந்த ஓவியங்கள் மோன்பெலியே, வாஷிங்டன், நியூயார்க் காட்சியகங்களில் இருக்கின்றன. ஆரஞ்சுப்பூ நீர் சேர்த்த ஃபூகாஸ் என்ற இனிப்பு ரொட்டி ஊரின் தின்பண்டம். அக்டோபரில் மதிலடியில் மரப்பலகை மேடைகள் கட்டிக் காளை விளையாட்டு நடக்கும். திராட்சைத் தோட்டங்களைக் கவனியுங்கள்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபைலோக்செரா பூச்சி பிரான்சின் திராட்சையை அழித்தபோது, மணலில் அது வாழ முடியாததால், உப்பு நிறுவனமே இங்கே மணலில் கொடி நட்டது. இன்றும் இங்கே அந்த மணல் திராட்சையின் வெளிர் மது இறங்குகிறது.

எல்லாவற்றையும் எல்லைக்குள் அடக்குவது ஒரே சாவியால் எல்லாப் பூட்டையும் திறக்கப் பார்ப்பது என்று நீங்கள் சொல்லலாம். உப்பை நான் அப்படித் திறக்கவில்லை; அது வெயிலும் காற்றும் தட்டை நிலமும் தந்தது, எந்த அரசும் இல்லாவிட்டாலும் அங்கே விளைந்திருக்கும். ஆனால் அந்தக் கரையில் மனிதர் எங்கே, எத்தனை பேர் வாழ்வது என்பதை மண் ஒருபோதும் தனியாகத் தீர்மானித்ததில்லை. கோன்ஸ்தான்ஸ் கோபுரத்தின் உச்சியிலிருந்து தென்மேற்கே பார்த்தால் பிரமிடு வடிவ வெள்ளைக் கட்டடங்கள் தெரியும்: லா கிராந்த்-மோத். நூற்றாண்டுக்கணக்கில் காய்ச்சலுக்கும் கொசுவுக்கும் பயந்து மனிதர் ஒதுங்கிய கரை அது. 1963-இல் அரசு ஒரு தனிக் குழு அமைத்து, கொசுவை ஒழித்து, சாலை போட்டு, கட்டடக்கலைஞர் ழான் பலாதூரைக் கொண்டு அந்த நகரத்தை எழுப்பியது. கோடை விடுமுறைக்கு ஸ்பெயினுக்கு ஓடிய கூட்டத்தை எல்லைக்கு இப்பால் நிறுத்திவைப்பது அந்தத் திட்டத்தின் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்று.

இப்போது கடல் உண்மையிலேயே நகர்கிறது, வழிகாட்டி சொல்வதற்கு நேரெதிரான திசையில். ரோனின் அணைகள் வண்டலைத் தடுக்கின்றன, கடல்மட்டம் ஏறுகிறது, கமார்க் கரையின் பல இடங்கள் அரிக்கப்படுகின்றன. கழிமுகத்தின் கிழக்கே, சலேன்-தெ-ஜிரோவில், உப்பு நிறுவனம் விட்டுக்கொடுத்த சுமார் 6,500 ஹெக்டேர் உப்பளத்தை 2008-க்குப் பிறகு கடற்கரைப் பாதுகாப்பு வாரியம் வாங்கியது. அங்கே பழைய கடலணைகளைப் பழுதுபார்ப்பதை நிறுத்தி, கடல் உள்ளே வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். மேற்கே, ஏக்மோர்த் பக்கம், உப்பு இன்னும் விளைகிறது. உல்லாசக் கரைகளில் மணல் கொட்டிப் பாறை அடுக்கிக் காக்கிறார்கள். ஒரே கழிமுகம், ஒரே கடல், இரண்டு முடிவுகள். எந்தக் கரையை விடுவது, எதைக் காப்பது, காப்பதற்கு நிறுவனம் எவ்வளவு அரசு எவ்வளவு போடுவது என்பது இனி ஆண்டுதோறும் அந்தப் பகுதி அலுவலகங்களில் பேசப்படும். ஏக்மோர்த்தின் அடுத்த அத்தியாயத்தைப் படிக்க விரும்புகிறவர்கள் அந்த வரவுசெலவுக் கணக்குகளிலிருந்து தொடங்கலாம்.